சிவசங்கரி வாயால் பேசிய சூளை

சிவசங்கரியைக் கேட்டு அவள் வீட்டில் எதுவும் நடந்ததில்லை. தாவரவியல் படிக்கிறேன் என்று ஆசையாகச் சொன்னவளைக் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்த்துவிட்டவர், திட்டக்குடியில் உரக்கடை வைத்திருந்த அவளுடைய தாய்மாமன். கம்ப்யூட்டர் படித்தால்தான் நாலு பேர் மதிப்பார்களாம். படித்து முடித்ததும், கம்ப்யூட்டர் படித்த பெண்ணுக்கு வாய் நீளம் என்று ஊரெல்லாம் சொன்னவரும் அவர்தான். அவருக்கு ஒரு மகன் இருந்தான். அவனுக்குத்தான் இவள் என்று பாவாடை கட்டிய காலத்திலேயே பேசி வைத்திருந்தார்கள். அப்பா பாலகிருஷ்ணன் விருத்தாசலம் ரயில்வே ஜங்ஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மச்சான் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவார்.

"நான் என்னா சொல்றேன்னா..." என்று அவள் ஆரம்பித்தால் போதும். "நீ சும்மா இரும்மா, பெரியவங்க பேசிக்கிட்டு இருக்கோம்ல" என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வந்துவிடும்.

இப்படிப்பட்டவள் சொன்ன சொல்லுக்கு ஒரு கம்பெனியே கைகட்டி நின்றது என்றால் நம்ப மாட்டீர்கள். நின்றது. நான் பார்த்தேன். என் பெயர் மாணிக்கவேல். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில், பழமலைநாதன் சாருடைய கம்பெனியில் பேக்கிங் மேஸ்திரி. அகல், பொம்மை, கரண்ட்டு பீஸ்கட்டை எல்லாவற்றையும் வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குகிற வேலை. என் இடத்துக்கு நேர் எதிரே மிஷின் ரூம். நடுவில் ஒரு கண்ணாடிதான்.

மிஷின் வந்தது 2005 கடைசியில். அதுவரை எங்கள் சூளையைக் கலியமூர்த்தி அண்ணன் பார்த்துக்கொண்டார். துளை வழியாக உள்ளே எரிகிற நிறத்தைப் பார்ப்பார், காஸைக் கூட்டுவார், குறைப்பார், நடுவில் பீடி குடிப்பார். சில சமயம் சரக்கு நன்றாக வரும், சில சமயம் வராது. வராதபோது மண் சரியில்லை என்பார். பழமலைநாதன் சாருக்கு இது பிடிக்கவில்லை. அவருக்கு டெக்னாலஜி என்ற சொல்லின் மேல் அப்படி ஒரு பிரியம். வீட்டில் காய்கறி நறுக்குகிற சாமானுக்குக்கூட டெக்னாலஜி பார்த்துத்தான் வாங்குவார்.

சென்னையிலிருந்து டை கட்டிய ஒருவர் வேப்பூர் கூட்டு ரோட்டில் இறங்கி, ஆட்டோ பிடித்து வந்தார். வட நாட்டில் யாரோ கழித்துப் போட்ட மிஷினை எங்கள் தலையில் கட்ட வந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு இரும்புப் பெட்டி, சூளைத் துளைக்கு எதிரே பொருத்த ஒரு குழாய். குழாயின் முனையில் கண்ணாடி. அந்தக் கண்ணாடி சூளைக்குள்ளே எரிகிற வெளிச்சத்தைப் பார்த்து, சூடு எவ்வளவு என்று பெட்டிக்குச் சொல்லும். பெட்டி காஸைக் கூட்டும், குறைக்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் டை கட்டியவர் அப்படிச் சொன்னால் வியாபாரம் ஆகுமா?

"இது சாதாரண மிஷின் இல்ல சார். செயற்கை அறிவு. தானே பார்க்கும், தானே யோசிக்கும், தானே முடிவெடுக்கும். போகப் போகத் தன்னைத்தானே புரிஞ்சுக்கும்."

"தன்னைத்தானே புரிஞ்சுக்குமா?" என்று கேட்ட சாருக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் கம்பெனியில் அதுவரை அப்படி ஒருவரும் இருந்ததில்லை.

மறுவாரமே வாசலில் போர்டு ஏறியது: தானே சிந்திக்கும் சூளை, தமிழ்நாட்டிலேயே முதன்முறையாக. மிஷினுக்கு ஏசி ரூம். அதன் முன்னால் உருளைச் சக்கரம் வைத்த நாற்காலி, ஆனால் அது சென்னையிலிருந்து இன்ஜினியர் வந்தால் உட்கார. மிஷினைத் தினமும் போட்டு அணைக்க ஒரு ஆள் வேண்டும் என்று சிவசங்கரியை எடுத்தார்கள். அவளுக்கு ஒரு ஸ்டூல்.

வேலை கிடைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. வேலையில் இருக்கிற வரை கல்யாணப் பேச்சு வேண்டாம் என்று அழுது அடம்பிடித்து அப்பாவிடம் ஒப்புதல் வாங்கியிருந்தாள். திட்டக்குடிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். சரி, எத்தனை நாளைக்கு என்று விட்டுவிட்டார்கள். ஆக, அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற வரை அவள் அவளாக இருக்கலாம். இறங்கினால் உரக்கடை.

தினமும் காலையில் மிஷினைப் போட்டதும் திரையில் ஒரு கேள்வி வரும். இயக்குபவர் பெயர் என்ன? அவள் தன் பெயரை அடிப்பாள். உடனே திரை திறந்துகொள்ளும். முதல் நாள் அதைப் பார்த்து அவள் சிரித்ததை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

வந்த கொஞ்ச நாளில் ஒரு கலாட்டா. சரக்கு வெந்து முடிந்து சூளை ஆறிக்கொண்டிருக்கிறது. வாசலில் லாரி நிற்கிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார். சார் கதவைத் திறக்கச் சொல்கிறார். சிவசங்கரி ஓடி வந்தாள்.

"சார், இன்னும் சூடு எறங்கல. இப்பத் தெறந்தா குளிர்காத்துப் பட்டு எல்லாம் வெடிச்சிடும்."

"நீ நேத்து வந்த பொண்ணு. கலியமூர்த்திக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? போம்மா, போயி ரூமுல உக்காரு."

திறந்தார்கள். உள்ளே டிங், டிங் என்று சின்னச் சின்ன மணி அடிக்கிற சத்தம். பாதி பிள்ளையாருக்குத் தும்பிக்கை இல்லை. லாரி பாதி காலியாகப் போனது. சார் மண்ணைத் திட்டினார், லாரியைத் திட்டினார், கடைசியில் சிவசங்கரி குறுக்கே வந்ததால் சகுனம் கெட்டது என்றும் சொன்னார்.

அடுத்த தடவையும் அதே லாரி, அதே ஹாரன். இந்த முறை அவள் ஓடி வரவில்லை. மிஷின் ரூம் கதவைப் பாதி திறந்து, தலையை மட்டும் நீட்டி, யாரோ சொன்னதை ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

"சார், மிஷினு தெறக்க வேணாம்னு சொல்லுது."

கலியமூர்த்தி அண்ணன் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தார். சார் லாரிக்காரனைப் பார்த்துக் கத்தினார். "ஹாரனை நிறுத்துய்யா! உள்ள யோசிச்சிக்கிட்டு இருக்குதுல்ல!" மறுநாள் திறந்தபோது எல்லாப் பிள்ளையாரும் தும்பிக்கையோடு இருந்தார்கள்.

அன்று மாலை நான் மிஷின் ரூமுக்குள் எட்டிப் பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். திரையில் இருந்தது எண்கள் மட்டும். திறக்கலாம், கூடாது என்று ஒரு எழுத்து இல்லை.

"என்னாம்மா இது? எங்க சொல்லுது?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "அது எண்ணுதாண்ணே சொல்லுது. மத்ததை நான் சொல்றேன். நான் சொல்றேன்னு சொன்னா கேப்பாங்களா?"

கேட்க மாட்டார்கள். எனக்கும் தெரியும். வைக்கோல் கட்டப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு மிஷின் நிறையப் பேச ஆரம்பித்தது. எங்கள் கம்பெனியில் மண் அரைக்கிற இடத்தில் தூசி மேகம் மாதிரி நிற்கும். வீரம்மாள் அக்கா, அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளைச் சுரண்டி வழிக்கிறவர், வருஷக்கணக்காக இருமிக்கொண்டிருந்தார். தரையில் தண்ணீர் தெளிக்கச் சொல்லி எத்தனையோ தடவை கேட்டாயிற்று. "செராமிக்னா தூசி இருக்கத்தான் செய்யும்" என்பார் சார். ஒரு நாள் மிஷின், தனக்குத் தூசி ஆகாது என்று சொல்லிவிட்டது. சாயங்காலமே தண்ணீர்க் குழாய் போட்டார்கள். வேளைக்கு ஒரு தடவை தரை நனைந்தது. வீரம்மாள் அக்காவின் இருமல் குறைந்தது. மிஷின் நலமாக இருப்பதாகச் சார் மகிழ்ந்தார்.

பெண்கள் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். மிஷின் ஒரே வார்த்தையில் முடித்தது. கதவு காற்றில் படார் படாரென்று அடிக்கிறது, அந்த அதிர்வில் தனக்குக் கணக்குத் தப்புகிறது, தாழ்ப்பாள் போடவும். தச்சர் ஓடி வந்தார். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு தாழ்ப்பாள் போட்டார். மிஷினுக்கு எந்தப் பக்கத்து அதிர்வு ஆகாது என்று தெரியாதல்லவா.

இதெல்லாம் எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. மனுஷி இருமினால் செவி கேட்காத ஆட்கள், இரும்புப் பெட்டி தும்மப் போகிறது என்றதும் பதறினார்கள். வீரம்மாள் அக்காவுக்கோ மிஷின் மேல் பக்தியே வந்துவிட்டது. போகும்போதும் வரும்போதும் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். மெல்ல மெல்ல எல்லோரும் மிஷினை அவர் என்று சொல்லத் தொடங்கினார்கள். "அவரு இன்னிக்கு என்னா சொல்றாரு?" சிவசங்கரியிடம் கேட்பார்கள். அவள் மட்டும் எப்போதும் போல "ந்தா பொண்ணு"தான்.

புகழ் பரவியது. சாருடைய சிநேகிதர்கள் வந்தார்கள். ஒருவருக்குப் போர்வெல் எங்கே போட்டால் தண்ணீர் வரும் என்று தெரிய வேண்டும். இன்னொருவருக்குக் கவுன்சிலர் சீட்டு கிடைக்குமா என்று. கம்மாபுரம் பக்கத்திலிருந்து கோதண்டபாணி என்கிற விவசாயி வந்தார். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் எடுக்கப் போவதாகப் பேச்சு. இப்போதே கொடுப்பதா, பொறுப்பதா என்று கேட்டார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, திரையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

சிவசங்கரி அன்றைக்குத் தடுமாறினாள். தாழ்ப்பாள் வேறு, ஒரு மனிதனுடைய நிலம் வேறு. திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அந்த விவரமெல்லாம் மிஷினுக்குக் கொடுக்கலைங்க. அதனால தெரியாதுன்னு சொல்லுது."

சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. கோதண்டபாணிக்கோ பரம திருப்தி. "நானும் எத்தினியோ ஆபீஸு ஏறி எறங்கிட்டேன். தெரியலைன்னு ஒருத்தனும் சொன்னதில்ல. இவருதான் பெரிய மனுசன்" என்று மறுபடி கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த வருஷம் ஆயுதபூஜை வந்தது. அரைக்கிற மிஷின், தராசு, என் ஆணிச் சுத்தியல் உட்பட எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். சார் சந்தனக் கிண்ணத்தோடு நேராகச் சூளையிடம் போனார். சாமிக்குக் கண் முக்கியம், மிஷினுக்கும் கண்தான் முக்கியம், முதல் பொட்டு அங்கேதான் என்பது அவர் யோசனை. குழாய் முனைக் கண்ணாடியை நோக்கி விரல் போனது.

"சார், அங்க வெச்சா கண்ணு தெரியாது" என்றாள் சிவசங்கரி.

விரல் நிற்கவில்லை.

"சார்! கண்ணுல வெக்க வேணாமாம். நெத்தியில வெக்கச் சொல்லுது!"

விரல் நின்றது. "நெத்தி எதும்மா?" என்று பயபக்தியோடு கேட்டார். அவள் கம்ப்யூட்டர் திரையின் மேல் விளிம்பைக் காட்டினாள். அங்கே பெரிய பொட்டாக வைத்தார். பொரி கொடுத்தார்கள், எல்லோரும் தின்றோம்.

இப்படியே போயிருக்கலாம். ஆனால் சாரும் ஒரு மாதிரி யோசிக்கிறவர்தான். அடுத்த வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டார். நான் பில்லில் கையெழுத்து வாங்க அங்கே நின்றிருந்தேன்.

"ஏம்மா சிவசங்கரி, அவரே பாக்கறாரு. அவரே யோசிக்கறாரு. அவரே முடிவெடுக்கறாரு. சரிதானே?"

அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அப்படித்தானே அவளே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் நடுவுல நீ எதுக்கு? சென்னையில சொல்லி ரூமுல ரெண்டு லைட்டு வெக்கப் போறேன். பச்சை லைட்டு எரிஞ்சா தெறக்கணும், செவப்பு எரிஞ்சா தெறக்கக் கூடாது. அதைக் கலியமூர்த்தி பாத்துக்குவாரு. உனக்கும் கல்யாண வயசு. உங்கப்பாகூட அன்னிக்கு வருத்தப்பட்டாரு."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "சார், அது தானா ஒண்ணும்..." என்று ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரும்மா" என்றார் சார், அன்பாகத்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், அந்தப் பொண்ணுதான் சார் மிஷினு" என்று சொல்லியே விட்டேன். சார் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாணிக்கவேலு, நீ வைக்கோல் கட்டுய்யா" என்றார். தானே வளர்த்த பெயர் தன்னையே வெளியே தள்ளியதை அந்தப் பெண் எப்படித் தாங்கினாளோ. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, ஸ்டூலைச் சுவரோரம் ஒதுக்கி வைத்துவிட்டுப் போனாள். மிஷினை அணைக்கவில்லை. அணைக்கத் தெரிந்தவர் வேறு யாரும் அங்கே இல்லாததால் அது இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த வாரமே திட்டக்குடியிலிருந்து ஆட்கள் தட்டோடு வந்தார்கள். தை மாதம் கல்யாணம் என்று முடிவாயிற்று. மாப்பிள்ளை, பெண்ணிடம் பேசியது ஒரே விஷயம். கடையில் கம்ப்யூட்டர் வாங்கப் போவதில்லை, பயப்பட வேண்டாம் என்றானாம்.

கம்பெனியில் மிஷின் பேசுவதை நிறுத்திவிட்டது. பச்சை எரிந்தது, சிவப்பு எரிந்தது, அவ்வளவுதான். தண்ணீர் தெளிக்கச் சொல்லவில்லை, அதனால் தெளிக்கவில்லை. வீரம்மாள் அக்கா மறுபடி இருமினார். தினமும் அச்சாகி வரும் சூட்டுக் கணக்குத் தாளின் தலைப்பில் மட்டும் இயக்குபவர் சிவசங்கரி என்றே வந்துகொண்டிருந்தது. அணைக்காத மிஷின் வேறு யார் பெயரைப் போடும்? சார் அதைப் பார்த்து உருகினார். "பாத்தீங்களா பாசத்தை. அந்தப் பொண்ணையே நெனைச்சிக்கிட்டு இருக்காரு."

ஆயுதபூஜை திரும்பவும் வந்தது. கார்த்திகைக்கு அகல் விளக்கு ஆர்டர் குவிந்திருந்தது. மதுரையிலிருந்தும் ஓசூரிலிருந்தும் கேட்டிருந்தார்கள். சூளை முழுக்க அகல் அடுக்கி, விஜயதசமியன்று நல்ல நேரத்தில் தீ மூட்டுவதாக ஏற்பாடு. பூஜையில் சார் சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். போன வருஷம் போல யாராவது குறுக்கே வருகிறார்களா என்று மிஷின் ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தார். சுவரோரம் ஸ்டூல் மட்டும் இருந்தது. குழாய் முனைக் கண்ணாடியில் கட்டை விரலால் அழுத்தி, அகலமாக ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். "கோபம் வரலை பாரு" என்றார். என்னை அந்த நேரத்தில் பொரி மூட்டையை அவிழ்க்கச் சொல்லியிருந்தார்கள். திரும்பி வந்தபோது எல்லோரும் கற்பூரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் சூளை எரிந்தது. சந்தனம் காய்ந்து ஓடாகியிருந்தது. உள்ளே வெளிச்சம் ஏற ஏற, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சூடே இல்லை என்று பெட்டி நினைத்துக்கொண்டு காஸைக் கூட்டியது. இன்னும் கூட்டியது. ரூமில் சிவப்பு லைட் சமர்த்தாக எரிந்தது. இன்னும் வேகவில்லை, திறக்காதே என்று அர்த்தம். அகல் எல்லாம் உள்ளே வெல்லப்பாகு மாதிரி உருகிக்கொண்டிருந்தது.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் ஒன்று. கலியமூர்த்தி அண்ணன் துளை வழியாகப் பார்த்திருக்கிறார். இருபது வருஷமாகப் பார்த்த நிறம்தானே. வெள்ளை வெளேரென்று எரிவதைக் கண்டிருக்கிறார்.

"பாத்தியாண்ணே? அப்பறம் ஏன் காஸை நிறுத்தல?" என்று பிறகு கேட்டேன்.

"எனக்கும் திக்குனுச்சுடா. ஆனா அவரு பேசாம இருக்காரே, அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போவுதுன்னு வந்துட்டேன்."

கண் மூடிய மிஷின் பார்த்ததாக நினைத்துக்கொண்டது. கண் திறந்திருந்த மனிதர் பார்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டார். யோசிக்கும் சூளை வந்ததில் எங்களுக்குக் கிடைத்த முன்னேற்றம் இதுதான்.

காஸ் தீர்ந்து, சூளை ஆறி, கதவைத் திறந்தபோது அகல் ஒன்றுகூட இல்லை. தட்டுகளோடு ஒட்டி, பச்சையும் பழுப்புமாக ஒரே பாறை. சார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கலியமூர்த்தி அண்ணன் பயத்தில் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். கொஞ்ச நேரம் கழித்து சார் மறுபடி போடச் சொன்னார். திரையில் அந்தப் பழைய கேள்வி வந்தது, இயக்குபவர் பெயர் என்ன? சார் ஒற்றை விரலால் தன் பெயரை அடித்தார். அப்படி ஒருவரைத் தெரியாது என்று திரை சொன்னது.

"மொதலாளியையே தெரியலைங்குது!" என்று சார் அலறினார். "கோபம். பயங்கரக் கோபம்." மறுபடி பிளக்கைப் பிடுங்கி, திரையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார்கள். வீரம்மாள் அக்கா எதிரில் ஒரு சூடம் ஏற்றினார். பிறகு சிவசங்கரியைக் கூட்டி வர என்னைத்தான் அனுப்பினார்கள்.

அவள் வந்தாள். மிஷின் ரூமுக்குப் போகவில்லை. நேராகச் சூளைக்குப் போனாள், குழாய் முனையைப் பார்த்தாள், துப்பட்டா நுனியை நனைத்துத் தேய்த்தாள். சந்தன ஓடு உதிர்ந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது. அதைச் சாரிடம் நீட்டினாள்.

"இதுதான் சார். கண்ணு மூடிக் கெடந்துச்சு."

சார் அந்த ஓட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "உனக்கு எப்பிடிம்மா தெரியும்? அவரு சொன்னாரா?"

"யாரும் சொல்லலை சார். நான் யோசிச்சேன்." அவள் குரல் உயர்ந்தது. இரண்டு வருஷத்தில் நான் கேட்காத குரல். "இத்தினி நாளும் நான்தான் சார் யோசிச்சேன். தெறக்க வேணாம்னு சொன்னது நான். தண்ணி தெளிக்கச் சொன்னது நான். தாழ்ப்பாளு நான். அது வெறும் பொட்டி சார். அதுக்கு எண்ணுதான் தெரியும். எல்லாத்தையும் சொன்னது நான்தான்!"

சாருடைய முகத்தில் ஏதோ அசைந்தது. புரிந்துவிட்டது என்று நினைத்தேன். வீரம்மாள் அக்கா மெதுவாக என் பக்கம் சாய்ந்து, "பாவம், வேலை போன ஏக்கத்துல என்னமோ பேசுது" என்றார். சாரும் பெருமூச்சு விட்டார்.

"சரிம்மா சரி. அழாத. உன்னைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கிட்டா அவரு கோபம் தீருமான்னு, உள்ள போயி அவரையே கேட்டுச் சொல்லு."

திட்டிவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போயிருந்தால் நான் கைதட்டியிருப்பேன். ஆனால் போனால் திட்டக்குடி. அவள் உள்ளே போனாள். ஸ்டூலை விட்டுவிட்டு, சக்கர நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எதிரே துண்டு போர்த்திய திரை. பிளக் தரையில் கிடந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். மிஷினுக்குக் கரண்ட்டே இல்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் தலை குனிந்திருந்தாள். தோள் குலுங்கியது. அழுதாளா, சிரித்தாளா, எனக்குத் தெரியாது.

வெளியே வந்தபோது முகத்தைத் துடைத்திருந்தாள்.

"எடுத்துக்கச் சொல்லுதுங்க. ஸ்டூலு வேணாமாம். தண்ணி மறுபடி தெளிக்கணுமாம்."

"ஆகட்டும், ஆகட்டும்" என்றார் சார்.

"இன்னொண்ணும் சொல்லுது." அவள் சாரை நேராகப் பார்த்தாள். "இனிமே சிவசங்கரி சம்பந்தப்பட்ட எந்தக் காரியமா இருந்தாலும் சிவசங்கரியைக் கேட்டுத்தான் செய்யணுமாம். கல்யாணமும்."

சார் கைகூப்பிவிட்டார். அங்கேயே பாலகிருஷ்ணனுக்குப் போன் போட்டார். "தை மாசம் வேணாங்க. பொண்ணைக் கேட்டுத்தான் செய்யணும்னு மிஷினு சொல்லிடுச்சு." மறுமுனையில் பாலகிருஷ்ணன் சொன்னது எங்களுக்கே கேட்டது. "அவரே சொல்லிட்டா அப்பறம் பேச்சு என்னாங்க? மச்சான்கிட்ட நான் சொல்லிக்கிறேன்." பெற்ற மகள் இருபத்தைந்து வருஷம் கேட்டுக் கிடைக்காததை, பிளக் பிடுங்கிய பெட்டி ஒரே நிமிஷத்தில் வாங்கிக் கொடுத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

கூட்டம் கலைந்தது. அவள் உள்ளே போய்த் துண்டை எடுத்து மடித்து வைத்தாள். பிளக்கைச் சொருகினாள். திரை வெளிச்சமாகி, இயக்குபவர் பெயர் என்ன என்று கேட்டது. அவள் ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாகத் தன் பெயரை அடித்தாள். திரை திறந்துகொண்டது.

சார் கதவோரம் வந்து பயந்து பயந்து எட்டிப் பார்த்தார். "என்னாம்மா சொல்றாரு?"

"நான் யாருன்னு கேட்டுச்சுங்க" என்றாள் சிவசங்கரி. "சொன்னேன். நம்பிடுச்சு."